லேபிளோடு சேர்த்துப் பொறுப்பையும் வாங்குங்கள்

திருப்பூர் பி.என். ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு சிறிய ஜாப் ஒர்க் யூனிட். மொத்தம் 22 மெஷின். காலை எட்டரைக்கு மெயின் சுவிட்சைப் போட்ட கையோடு ஆம்ப்ளிஃபயரையும் போட்டுவிடுவேன். ஓவர்லாக் இரைச்சலுக்கு மேலே இளையராஜா பாட்டுக் கேட்டால்தான் எங்கள் டெய்லர்களுக்குக் கை ஓடும்.

மூன்று வருடத்துக்கு முன்பு அந்த ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கம் சத்தம் நின்றுபோனது. சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "கம்பெனி கை மாறிப்போச்சுங்ணா, இந்த மாடலுக்கு இனி ஐ.சி. வராது" என்றார்கள். கோவையில் ஒரு மெக்கானிக் பழைய செட் ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த ஐ.சி.யைக் கழற்றிப் பொருத்திக் கொடுத்தார். அன்று முதல், ஆடியோ கம்பெனி விற்கப்பட்டது என்று செய்தி வந்தால் விடாமல் படிக்கிறேன்.

2025 செப்டம்பரில் ஹார்மன் நிறுவனம் சவுண்ட் யுனைடெட்டை 35 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. டெனான், மராண்ட்ஸ், போல்க், பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் எல்லாம் அதோடு போயின. ஜேபிஎல், ஏகேஜி, இன்ஃபினிட்டி ஏற்கெனவே ஹார்மனுடையவை. அந்த ஹார்மனையே 2017-ல் சுமார் 800 கோடி டாலர் கொடுத்து சாம்சங் வாங்கியிருந்தது.

சவுண்ட் யுனைடெட் ஹார்மன் வாங்க வேண்டிய கம்பெனிதானா? ஆம் என்பேன். முந்தைய முதலாளியைப் பார்த்தால் காரணம் புரியும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தோமே, அந்த வகைக் கருவிகளில் பெயர் பெற்ற மாசிமோ 2022-ல் 100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து சவுண்ட் யுனைடெட்டை வாங்கியது. அறிவிப்பு வந்ததும் ஒரே நாளில் மாசிமோவின் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. மூன்றே ஆண்டில் பெரும் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. தொழில் தெரியாதவர் கையில் நல்ல கம்பெனியும் சுமைதான். ஹார்மனுக்கோ ஆடியோதான் தொழில்.

தொழில் தெரிந்தவர் வாங்கினால் கதை வேறு. எங்கள் பக்கம் அவிநாசி எஸ்.பி. அப்பேரல்ஸ் 2024-ல் யங் பிராண்ட் அப்பேரலை வாங்கியது. குழந்தைகள் உடுப்புத் தைப்பவர்கள் உள்ளாடை தைப்பவர்களை வாங்கினார்கள். ஒரு தையல் லைன் நின்றால் என்ன நஷ்டம் என்று இரு தரப்புக்கும் தெரியும்.

ஆனால் தொழில் தெரிந்தவரிடமும் ஓர் ஆபத்து உண்டு: லேபிளை மட்டும் மாற்றி விற்பது. டீ-ஷர்ட் கழுத்தில் லேபிளை வைத்து ஓர் ஓட்டு ஓட்டுவது சில விநாடி வேலை. அதே துணி, அதே தையல். லேபிளை மாற்றினால் வேறு கம்பெனிச் சரக்கு. அதனால்தான் விவரமான பையர் லேபிளைப் பார்த்து மயங்குவதில்லை. துணியை வட்டமாக வெட்டி எடை (ஜிஎஸ்எம்) பார்க்கிறார். துவைத்துச் சுருக்கம் அளக்கிறார்.

ஆடியோவுக்கும் அதே சோதனை வேண்டும். டெனான், மராண்ட்ஸின் உயர்ரக ஆம்ப்ளிஃபயர்கள் ஜப்பானின் ஷிராகவா ஆலையில் உருவாகின்றன. பவர்ஸ் அண்டு வில்கின்ஸின் பெரிய ஸ்பீக்கர்கள் இங்கிலாந்தின் வொர்திங்கில் உருவாகின்றன. சவுண்ட் யுனைடெட்டைத் தனிப் பிரிவாக நடத்துவோம் என்று ஹார்மன் சொல்லியிருக்கிறது. அந்த ஆலைகளும், காதால் கேட்டுச் சரிபார்க்கும் ஆட்களும் நிலைத்தால் அந்தப் பேச்சு உண்மை. ஒரே போர்டை நான்கு பெட்டியில் அடைத்து நான்கு பெயர் ஒட்டினால், வாங்கியது வெறும் லேபிள்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். அடுத்து, ஒரு கம்பெனி கை மாறும்போதே, பழைய மாடல்களுக்குப் பத்து ஆண்டு உதிரிபாகம் கிடைக்கும் என்ற உறுதியை வாங்குகிறவரிடம் அரசு எழுதி வாங்க வேண்டும். கம்பெனியை வாங்குகிறவர் அதன் கடனையும் சேர்த்தே ஏற்கிறார். நம் வீட்டில் பாடிக்கொண்டிருக்கும் பழைய செட்டும் அந்தக் கடனில் சேர்த்திதான்.