நலவாழ்வு: வெட்கத்தில் மறைக்கும் நோய்



அண்மையில் மருதமுனையில் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டு ராத்தா மட்டும் வரவில்லை. மறுநாள் போய்க் கேட்டேன். நெடுநேரம் மழுப்பிவிட்டுச் சொன்னார்: "எனக்கு அடக்க ஏலாது தங்கச்சி. வருது எண்டா ஓடணும். ஓடி முடியிறதுக்குள்ள உடுப்பு நனஞ்சிரும்."

இரவில் நாலு தடவை எழும்புகிறாராம். தறியில் இருப்பதையும் விட்டுவிட்டார். 'வயசு போனா இப்படித்தான்' என்று இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

இதை வயதின் விதி என்று விட்டுவிடக்கூடாது. சிறுநீர்ப்பை நிரம்பும் முன்பே அதன் தசை சுருங்குவதால் இப்படி வருகிறது. சிறுநீரில் கிருமித்தொற்று, நீரிழிவு, கர்ப்பப்பை இறக்கம் போன்றவற்றாலும் இதேபோல் வரலாம். ஆகவே முதலில் பரிசோதனை தேவை.

சிகிச்சை படிப்படியானது. தேநீர், கோப்பியைக் குறைக்க வேண்டும். தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. சிறுநீர் தடித்தால் எரிச்சல் கூடும். அவசரம் வரும்போது சில நிமிடம் பொறுத்துப் போய், அந்த நேரத்தை மெல்லமெல்லக் கூட்டும் பயிற்சியைக் குறைந்தது 6 வாரம் செய்ய வேண்டும். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் உண்டு. போதாவிட்டால் மாத்திரைகள், அவற்றில் சிலவற்றால் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரலாம்.

இவையும் பயன் தராதவர்களுக்குத்தான் ஊசி. ராத்தாவின் மகள் வெளிநாட்டிலிருந்து இதைச் சொல்லியிருக்கிறார். "அது விஷமாமே?" என்று ராத்தா பயந்தார்.

உண்மைதான். முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே பொட்டொக்ஸ். கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பக்டீரியாவின் நஞ்சு. மிகச் சிறிய அளவில் இது மருந்தாகலாம் என்று 1820களிலேயே ஜேர்மனிய வைத்தியர் ஜஸ்டினஸ் கேர்னர் எழுதினார். அமெரிக்கா 1989இல் கண் நோய்களுக்கும், 2013இல் இந்தச் சிறுநீர்ப்பை நோய்க்கும் இதை அனுமதித்தது.

சத்திரவெட்டு இல்லை. விறைப்பு மருந்திட்டு, சிறுநீர் வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி, சிறுநீர்ப்பைத் தசையில் ஏறத்தாழ 20 இடங்களில் மொத்தம் 100 அலகு மருந்தை ஏற்றுவார்கள். இரண்டு வாரத்துக்குள் குணம் தெரியும். ஆனால் நிரந்தரமல்ல, ஆறு மாதமோ சற்றுக் கூடவோ கழிந்தபின் மறுபடி போட வேண்டிவரும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. நூறில் ஆறு பேரளவில் சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் தங்கிவிடலாம். அது சரியாகும்வரை மெல்லிய குழாயைத் தாமே செலுத்தி எடுக்க வேண்டும். அதற்குச் சம்மதமா என்று ஊசிக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். சிறுநீர்த்தொற்றும் வரலாம். கர்ப்பிணிகளும், தசைப் பலவீன நோயுள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

தொழுகையை எண்ணித்தான் ராத்தா அதிகம் அழுதார். இடைவிடாது கசிபவருக்கு ஷாபிஈ மத்ஹபில் சலுகை உண்டு: வக்து வந்ததும் சுத்தம் செய்து, துணி வைத்து, வுழூ எடுத்துத் தொழலாம். தன் நிலைக்கு அது பொருந்துமா என்று ஆலிம்களிடம் கேட்டறிவது நல்லது.

ராத்தாவை நானே வைத்தியரிடம் கூட்டிப் போனேன். நீரிழிவும் இல்லை, தொற்றும் இல்லை. பயிற்சியும் மாத்திரையும் தொடங்கியாயிற்று. இப்போது இரவில் இரண்டு தடவைதான் எழும்புகிறார். "ஊசியப் புறகு பாப்பம்" என்கிறார்.

உங்கள் உம்மாவோ மாமியோ கல்யாண வீடுகளைத் தவிர்க்கிறார்களா? பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.