மதகைத் திறந்தவர் யார்?

தோழரே! செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலை திருப்பெரும்புதூர் நினைவிடத்தைத் தொட்டுச் செல்கிறது. 1991 மே 21இல் ராஜீவ் காந்தி படுகொலையான இடம் அது. அந்தக் கொடுமைக்கு நியாயம் கற்பிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால், அதற்கு நான்காண்டு முன்னர் நடந்த இன்னோர் இரவைப் பற்றி எத்தனை பேர் பேசுகின்றனர்?

1987 ஜூலை 29இல் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமைதி காக்கவென்று படை சென்றது. இரண்டரைத் திங்கள்கூட முடியவில்லை. அமைதி காக்கப் போன கரமே துப்பாக்கியை நீட்டிற்று!

அக்டோபர் 11 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் ஹெலிகாப்டர்கள் இறங்கின. புலிகளின் தலைமையை ஒரே வீச்சில் பிடிப்பது திட்டம். வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்ட புலிகளோ, குறிபார்த்துக் காத்திருந்தனர். முதலில் இறங்கிய அதிரடி வீரர்கள் சந்துகளில் சிக்கினர். மறுநாள் டாங்கிகள் சென்று மீட்க வேண்டியதாயிற்று. சீக்கியப் படைப்பிரிவினர் 30 பேர் இறங்கினர். குண்டுமாரியில் ஹெலிகாப்டர்கள் பழுதடைந்தன; பின்வரவேண்டிய துணைப்படை வரவேயில்லை. 29 பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார். தேடிப்போன தலைவரோ அகப்படவில்லை!

"உளவுத்துறையின் பிழை" என்று ஒரு சொல்லில் கதையை முடிக்கின்றனர் சிலர். போதுமா அந்த விடை? ஊரின் சந்து அறியாமல், மக்களின் நெஞ்சம் அறியாமல், எதிரியின் செவி அறியாமல் இருட்டிலே இறக்கிவிட்டது உளவு மட்டுமா? சில நாளில் யாழ்ப்பாணம் கைக்கு வரும் என்று கணக்கிட்ட ஆணவமும் அல்லவா! இரு வாரமாயிற்று நகரைப் பிடிக்க. இடையே அக்டோபர் 21இல், தீபாவளித் திருநாளில், யாழ் மருத்துவமனைக்குள் துப்பாக்கி முழங்கிற்று. மருத்துவர், செவிலியர், நோயாளர் என 60க்கும் மேற்பட்டோர் பிணமாயினர். பிணி தீர்க்கும் இல்லம் பிணக்காடாயிற்று!

"படையைப் பழிக்கிறாயா?" என்பார்கள். இல்லை தோழரே! பஞ்சாபின் வயலிலிருந்து வந்து அத்திடலில் மாண்ட இளைஞனுக்காகவும் அழுகிறோம். நோயாளிக் கட்டிலில் மாண்ட ஈழத்து அன்னைக்காகவும் அழுகிறோம். இருவரையும் எதிரெதிரே நிறுத்திய கையைத்தான் கேட்கிறோம். 1990 மார்ச்சில் படை திரும்பியது. சுமார் 1,200 வீரர்கள் திரும்பவில்லை.

செம்பரம்பாக்கத்து மதகை அறிந்தவர் நீங்கள். 2015 டிசம்பரில் ஏரி நீர் அடையாற்றில் பாய்ந்தபோது, கோட்டையில் இருந்தோர் கால் நனையவில்லை. ஆற்றங்கரை ஏழையின் குடிசைதான் போயிற்று. போரும் அப்படியே. மதகைத் திறப்பவர் ஒருவர், மூழ்குபவர் மற்றொருவர்.

ஆகவே மூன்றைக் கேட்போம். படையை அயல்மண்ணுக்கு அனுப்புமுன் நாடாளுமன்றம் முழுமையாக விவாதிக்க வேண்டும். அந்த மண்ணின் மக்கள் என்ன எண்ணுகிறார்கள் என்று முதலில் அறிய வேண்டும். தோற்றால், ஆணையிட்டவர் மக்கள்முன் நின்று கணக்குச் சொல்ல வேண்டும்.

வீரனின் கல்லறைக்கு மலர் வைப்பது எளிது. அவனை அங்கே அனுப்பியது யார் என்று கேட்பதே கடினம். அந்தக் கடினமான கேள்வியைத் தெருத்தெருவாய் எடுத்துச் செல்வீர்!