தசாவதாரமும் எங்கள் கடலூர் சுனாமியும்

தசாவதாரம் (2008) டிவியில் எத்தனை முறை போட்டாலும் உட்கார்ந்து பார்க்கிற ஆள் நான். ஆனால் அந்த கிளைமாக்ஸ் மட்டும் எனக்கு ஒத்துக்கொள்வதே இல்லை.

12-ம் நூற்றாண்டில் சிதம்பரத்துப் பெருமாள் சிலையோடு நம்பியைக் கடலில் போடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தச் சிலை கரை ஒதுங்குகிறது. கடல் உப்பில் கிருமி செத்து உலகமும் பிழைக்கிறது. கேயாஸ் தியரி பேசித்தான் படம் ஆரம்பிக்கும். அந்தத் தியரியில் சின்னக் காரணத்துக்குப் பெரிய விளைவு உண்டு, நோக்கம் கிடையாது. படமோ விதியை நைசாக உள்ளே விட்டுவிடுகிறது. இத்தனை பேரைக் கொன்றா கடவுள் காப்பாற்றுவார் என்று கோவிந்த் கேட்கத்தான் செய்கிறான். அதற்குள் திரைக்கதை ஆண்டாள் பக்கம் சாய்ந்தாயிற்றே!

வடலூர்க்காரனான எனக்குக் கடலூர் ஒரு மணி நேர பஸ் பயணம். எங்கள் மாவட்டத்தில் மட்டும் அன்று 600-க்கும் மேற்பட்டோர் போனார்கள். உலகம் பிழைத்ததை வரவில் எழுதினால், தேவனாம்பட்டினத்துக் குழந்தைகளை எந்தக் கணக்கில் பற்று எழுதுவது? (பி.காம். புத்தி, மன்னிக்கவும்.)

சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரைக்கு. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடற்கரையில் நின்றவர்களை ஓடச் சொல்ல அத்தனை நேரம் இருந்தது. சொல்வதற்குத்தான் ஏற்பாடு இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான்.