பிரசவ அறை எனும் வகுப்பறை

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் 5ம் தேதி, பேறுகாலச் செவிலியர் உலக நாள் சிறப்பிக்கப்படுகிறது. நம் பாட்டிமார் காலத்தில் மருத்துவச்சி செய்துவந்த பணியை, முறையான படிப்போடு செய்கிறவர்கள் இவர்கள். அன்று ஒரு நாள் அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால், இப்பணிக்கு வரும் மாணவிகள் எப்படிப் பயிற்றுவிக்கப்படுகிறார்கள் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. நம் மகள்களும் மருமகள்களும் எப்படிப்பட்ட கைகளில் பிள்ளை பெறப்போகிறார்கள் என்பது இதைப் பொறுத்தே அமையும்.

இந்தியாவில் செவிலியர் படிப்பை முடிப்பவர், செவிலியர், பேறுகாலச் செவிலியர் என இரண்டு தகுதிகளிலும் பதிவு பெறுகிறார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவர்களே பிரசவம் பார்க்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளிலோ, பெரும்பாலும் மருத்துவருக்கு உதவியாளர்களாகவே நிற்கிறார்கள். இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில் பிறக்கின்றன. இது பெரும் முன்னேற்றம். அதேவேளை, 2019-21ம் ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வின்படி, சிசேரியன் வழியாகப் பிறந்த குழந்தைகள் இந்திய அளவில் 21.5 விழுக்காடு, தமிழகத்தில் 44.9, தெலுங்கானாவில் 60.7. சிசேரியன் எத்தனையோ தாய்மாரின் உயிரைக் காத்துள்ளது. ஆயினும், ஒரு நாட்டில் இது 10 விழுக்காட்டைத் தாண்டும்போது, அதனால் மட்டுமே இறப்புகள் மேலும் குறைவதில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015ல் தெளிவுபடுத்தியது.

இந்தப் பின்னணியில்தான் நடுவண் அரசு 2018ம் ஆண்டு டிசம்பரில் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஏற்கெனவே செவிலியராகப் பதிவு பெற்று அனுபவம் உள்ளவர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி அளித்து, சிக்கலற்ற பிரசவங்களைப் பொறுப்பேற்று நடத்த அவர்களைத் தயார் செய்வது இதன் நோக்கம். ஆபத்தின் அறிகுறி தெரிந்தவுடன் மருத்துவரிடம் ஒப்படைப்பதும் அவர்கள் கடமை. தெலுங்கானா மாநிலம் இதற்கு முன்னோடி. ஹைதராபாத்தின் பெர்னாண்டஸ் மருத்துவமனை 2011லேயே இத்தகைய பயிற்சியைத் தொடங்கியிருந்தது. அதன் துணையோடு மாநில அரசு 2017ல் தன் செவிலியர்களுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. சிசேரியன் மிகுந்த மாநிலமே இதில் முந்திக்கொண்டது கவனிக்கத்தக்கது.

நல்ல பயிற்சி என்பது எது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ம் ஆண்டு விதிகளின்படி, ஒரு மாணவி பொதுவாக 40 பிரசவங்களைத் தானே நடத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 100 பரிசோதனைகள் செய்திருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் குறைந்தது பாதியாவது செய்முறையாக இருக்க வேண்டும் என்கிறது பேறுகாலச் செவிலியரின் பன்னாட்டுக் கூட்டமைப்பு. எண்ணிக்கை தேவைதான். ஆனால், பதிவேட்டை நிரப்புவதற்காக ஒரே பிரசவத்தைச் சுற்றி பல மாணவிகள் நின்று பார்த்தால் யாரும் கற்பதில்லை. அனுபவமுள்ள ஆசிரியை அருகில் நிற்க, மாணவியே முடிவெடுத்து, அதற்கான காரணத்தையும் சொல்லிப் பழக வேண்டும். ஒரே தாயைக் கர்ப்பகாலம் முதல் பாலூட்டும் நாள்வரை பின்தொடர வாய்ப்புக் கிடைத்தால், 'மூன்றாம் படுக்கை' என்ற அடையாளம் மறைந்து, பெயரும் அச்சமும் குடும்பமும் உள்ள ஒரு பெண் அவள் கண்ணுக்குத் தெரிவாள்.

இங்குதான் சிக்கல் உள்ளது. மாணவி பாடநூலில் படிப்பது ஒன்று, பிரசவ அறையில் பார்ப்பது வேறொன்று. பிரசவிக்கும் பெண் தனக்கு விருப்பமான துணையை வைத்துக்கொள்ளலாம், நடக்கலாம், தனக்கு ஏற்ற நிலையில் இருக்கலாம், எதைச் செய்யுமுன்னும் விளக்கம் சொல்லி அவர் சம்மதம் பெற வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2018ம் ஆண்டு பரிந்துரை. ஆனால், வலியில் கத்தும் பெண்ணை மூத்தவர்கள் அதட்டுவதையும், திரை மறைப்பின்றிப் பரிசோதிப்பதையும் தினமும் பார்க்கும் மாணவி, இதுதான் வழக்கம் என்று எடுத்துக்கொள்வாள். ஏழைப்பெண் என்றால் வசைச்சொல் இன்னும் எளிதாக வரும். அதட்டுபவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஓர் இரவில் பல பிரசவங்களை ஓரிருவரே சமாளிக்கும் இடத்தில் பொறுமை தீர்ந்துபோகிறது. அந்தக் களைப்பும் மாணவிக்குப் பாடமாகிறது.

பயிற்சி முடிந்தபின் என்ன என்பது அடுத்த கேள்வி. 18 மாதம் கற்றவரை, பணியிட மாற்றம் என்ற பெயரில் பொது வார்டுக்கோ அறுவை அரங்குக்கோ அனுப்பிவிட்டால், செலவிட்ட காலமும் பணமும் வீண். 1947ம் ஆண்டின் இந்திய செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக, 2023ல் தேசிய செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் பெயரில் இடம் கிடைத்துவிட்டது. பிரசவ அறையிலும் தனிப் பதவியும் பொறுப்பும் ஊதியமும் கிடைக்க வேண்டும். பேறுகாலச் செவிலியர் தமக்குப் போட்டியல்ல, சிக்கலான பிரசவங்களில் கவனம் செலுத்த நேரம் தருபவர் என்று மருத்துவர்களும் ஏற்க வேண்டும்.

இதில் திருஅவைக்கும் ஒரு வரலாறு உண்டு. அருட்சகோதரிகள் பிரசவம் பார்க்க நெடுங்காலம் தடை இருந்தது. மறைபரப்பு நாடுகளில் தாய்மாரும் குழந்தைகளும் படும் துயரைக் கண்ட திருப்பீடம், 1936ம் ஆண்டு அத்தடையை நீக்கி, அவர்கள் முறையாகக் கற்றுத் தகுதி பெற்று இப்பணி ஆற்ற ஊக்கமளித்தது. இரக்கம் மட்டும் போதாது, தேர்ச்சியும் வேண்டும் என்பது அன்றே உணரப்பட்டது. விடுதலைப் பயண நூல் போற்றும் சிப்ரா, பூவா என்ற இரு மருத்துவச்சிகளும், மன்னன் ஆணையைவிடத் தங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களையே பெரிதாக மதித்தவர்கள்.

இன்று நம் மறைமாவட்டங்களும் துறவு சபைகளும் பல செவிலியர் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகின்றன. தேர்ச்சி விழுக்காட்டைப் பெருமையோடு அறிவிக்கும் நாம், நம் பிரசவ அறைகளில் மாணவிகள் எதைப் பார்க்கிறார்கள் என்றும் கேட்போமா? பிரசவிக்கும் பெண்ணின் அருகில் அவள் தாயோ சகோதரியோ நிற்க நம் மருத்துவமனைகள் இடம் தருகின்றனவா? செவிலியர் படிப்பில் மகளைச் சேர்க்கும் பெற்றோர், வெளிநாட்டு வேலைவாய்ப்பைப் பற்றி விசாரிப்பதோடு, அங்குள்ள பிரசவ அறைப் பயிற்சியைப் பற்றியும் விசாரிக்கலாம். அடுத்த மே 5ம் தேதி நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது, இக்கேள்விகளையும் நம் பங்குப்பேரவைகளுக்கு எடுத்துச் செல்வோம்.