முதலில் நட்சத்திரம், பிறகு நெபுலா

வீட்டிலேயே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்பவர்கள், வேலை முடிந்ததும் ஓரியன் நெபுலாவைப் படமெடுக்கத் துடிப்பது இயல்புதான். படம் அழகாக வந்துவிட்டால் கருவி தேறிவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் தவறு. நெபுலா புகைபோல் விரிந்து கிடப்பது. கண்ணாடியின் வளைவு சற்றுப் பிசகியிருந்தாலும் அதில் எளிதில் தெரியாது. நட்சத்திரமோ வெறும் புள்ளி. அதன் உருவம் மாறினால் குறை எங்கே என்றே சொல்லிவிடலாம். படம் முழுவதும் நட்சத்திரங்கள் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால், நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும் வானத்தைத் தொலைநோக்கியின் தாங்கி சரியாகப் பின்தொடரவில்லை. நடுவில் புள்ளியாகவும் ஓரங்களில் வால் முளைத்தும் இருந்தால், அது பரவளையக் கண்ணாடிக்கே உரிய கோமா. திருத்தி லென்ஸ் வேண்டும். முக்கோணமாகத் தெரிந்தால், பெரும்பாலும் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கவ்விகள் இறுகியிருக்கின்றன.

இதையெல்லாம் மென்பொருள் சரிசெய்துவிடுமே என்பார்கள். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 1990இல் விண்ணுக்குப் போன அதன் 2.4 மீட்டர் கண்ணாடியின் விளிம்பு, இருக்க வேண்டியதைவிட 2.2 மைக்ரான் தட்டையாக இருந்தது. சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தவறியதே காரணம். இன்னும் வேதனையானது, துல்லியம் குறைந்த வேறு இரண்டு சோதனைகள் அந்தப் பிழையை முன்பே காட்டியிருந்தும் அவை ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் பழுது நீக்கும்வரை கணினியால் படங்களைத் தெளிவாக்கினார்கள். பிரகாசமான பொருள்களுக்கு அது உதவியது. மங்கலானவற்றின் சிதறிய ஒளியை மீட்க முடியவில்லை. நெபுலாக்களையும் தொலைதூர விண்மீன் திரள்களையும் தேடுபவருக்கு மங்கல்தானே எல்லாமே!

காற்றின் அலைவே நட்சத்திரத்தைக் கலைத்துவிடும்போது கண்ணாடியில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆனால் நீண்ட நேரப் படத்தில் காற்று தரும் கலங்கல் ஏறக்குறைய வட்டமாகச் சமப்படும். கருவியின் பிழை அதன்மேல் கூடுதலாகச் சேரும். காற்று அடங்கிய அரிய இரவுகளில் மிஞ்சுவதும் அந்தப் பிழைதான். செலவையும் காரணம் காட்ட முடியாது. 1858இல் இயற்பியலாளர் ஃபூக்கோ வகுத்த கண்ணாடிச் சோதனைக்கு ஒரு சிறுதுளை விளக்கும் ஒரு கத்தி விளிம்பும் போதும். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய மேடுபள்ளமும் நிழலாக விழும். ஆகவே பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மாணவர் செய்த தொலைநோக்கியை மதிப்பிடுபவர்கள், மெருகேற்றிய நெபுலா படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தத் திருத்தமும் செய்யாத ஒரு படத்தின் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிக் காட்டச் சொல்ல வேண்டும்.