பி.எம்.எஸ்.ஸைக் கழற்றச் சொல்பவர்களிடம் ஜாக்கிரதை!

லக்னோவில் எங்கள் காலனியில் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். ஈய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பலர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறிவிட்டார்கள். நல்லதுதான். கூடவே ஒரு கிறுக்குத்தனமும் வந்திருக்கிறது. பேட்டரி திடீரென்று நின்றுவிட்டால் மெக்கானிக் வந்து, "பி.எம்.எஸ். ஹடா தேதே ஹைன் சாப், டைரக்ட் சலேகா" என்கிறார். அதாவது வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்கிவிட்டு கேட்டைத் திறந்து போடுகிறாராம். நம்மாட்களும் தலையாட்டுகிறார்கள்!

அந்த வாட்ச்மேன் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். '12 வோல்ட்' லித்தியம் பேட்டரிக்குள் தொடராக இருப்பவை நான்கு செல்கள். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், மொத்தம் 12.8. சார்ஜ் ஏறும்போது எந்தச் செல்லும் 3.65-ஐத் தாண்டக்கூடாது. இறங்கும்போது 2.5-க்குக் கீழே போகக்கூடாது.

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். சார்ஜருக்குத் தெரிவது மொத்தத் தொகை மட்டும்தான். அது 14.4 வோல்ட் காட்டுகிறது என்று வையுங்கள். மூன்று செல்கள் 3.5, நாலாவது 3.9. கூட்டிப் பாருங்கள், 14.4! டோட்டல் டேலி ஆகிறது, ஆனால் ஒரு கணக்கு நாசமாகிக் கொண்டிருக்கிறது. தனித்தனி லெட்ஜரைப் பார்ப்பது பி.எம்.எஸ். மட்டுமே. ஒரு செல் எல்லை மீறினாலும் மாஸ்ஃபெட் சுவிட்சுகள் மூலம் இணைப்பைத் துண்டிக்கும். ஷார்ட் சர்க்யூட், அளவு மீறிய கரண்ட், அதிகச் சூடு எல்லாவற்றுக்கும் அதே கதைதான். சார்ஜ் நிறையும் நேரத்தில், முந்திக்கொண்டு ஏறிய செல்லின் உபரியைச் சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கழித்து மற்றவற்றோடு சமன் செய்வதும் அதன் வேலை.

சிம்லா, லே பக்கம் மாற்றலாகிப் போகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகவே படியும். நல்ல பி.எம்.எஸ். அந்தக் குளிரில் சார்ஜை அனுமதிக்காது.

"இரும்பு பாஸ்பேட் தீப்பிடிக்காது சார், அப்புறம் எதுக்கு?" என்பது அடுத்த வாதம். அரை உண்மை. நிக்கல், கோபால்ட் கலந்த செல்களைவிட இது சூட்டைத் தாங்கும், சரி. ஆனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் எரியக்கூடியதுதான். அளவுக்கு மீறி சார்ஜ் ஆன செல் உப்பும், வெடித்து வெளியே வரும் வாயுவும் எரியும். அதைத்தான் மாடிப்படிக்குக் கீழே, குழந்தைகள் செருப்பு விடும் இடத்தில் வைத்திருக்கிறோம்.

2022-ல் மின்ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, வாகன பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளை அரசு கடுமையாக்கியது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக அமலான அந்த விதிகளில் பி.எம்.எஸ்.ஸுக்கும் நிபந்தனைகள் உண்டு. ஸ்கூட்டருக்கு அத்தனை கண்டிப்பு, நம் வீட்டு ஹாலில் மட்டும் 'டைரக்ட்'டா?

பி.எம்.எஸ். துண்டித்தால் அது கெட்டுப்போனதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வேலை செய்கிறது என்றும் அர்த்தம் உண்டு. ஆகவே காரணத்தைக் கேளுங்கள்:

1. லோடு அதிகமா?
2. டெர்மினல் லூசா?
3. இன்வெர்ட்டர் இன்னும் ஈய பேட்டரி செட்டிங்கிலேயே இருக்கிறதா?
4. ஒரு செல் மட்டும் பலவீனமா? இதைச் சார்ஜ் முடியும் நேரத்தில் செல்வாரியாக அளக்கச் சொல்லுங்கள். பாதி சார்ஜில் எல்லாச் செல்லும் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டேஜைக் காட்டி ஏமாற்றும்.

பி.எம்.எஸ்.தான் பழுது என்றால் அதே அளவில் வேறொன்று மாட்டட்டும். இல்லாமல் ஓட்டலாம் என்கிறவரிடம், "இனி பேட்டரிக்கு நீங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். டூல் பாக்ஸை மூடும் வேகத்தைப் பார்த்தே புரிந்துவிடும்.