"எதைப் போட்டாலும் ஏதோ ஒண்ணு இடிக்குதுடி!" - ஒரு லேப்டாப், மூணு ஆபரேட்டிங் சிஸ்டம், ஒரு புரோகிராமர் அக்கா

ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கேம்ப் ரோடு வரை போய், அங்கிருந்து ஐந்து நிமிட நடை. வழக்கமாகத் தெருமுனையிலேயே மீன் குழம்பு வாசனை வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. உள்ளே போனால், அக்கா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, பாப்பாவின் ரஃப் நோட்டில் மூன்று கட்டம் போட்டு என்னமோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மளிகைக் கணக்கா?"

"இல்லடி. எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடறதுன்னு கணக்கு. எதைப் போட்டாலும் ஏதோ ஒண்ணு இடிக்குது!"

அக்கா ஒரு புரோகிராமர். பாப்பா பிறந்ததும் வேலையை விட்டவள். நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு இப்போதுதான் ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை, ஆனால் லேப்டாப் நம்முடையது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். கையில் இருப்பதோ 2017-ல் வாங்கிய லேப்டாப்.

முதல் கட்டம், விண்டோஸ். மாமா ராத்திரியில் கடைக் கணக்கு போடும் டேலி அதில்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசஸராவது இருக்க வேண்டும். அக்காவுடையது ஏழாம் தலைமுறை. "நல்லா ஓடுற வண்டிடி இது. ரோட்டுல விடமாட்டேங்கிறாங்க" என்றாள்.

இரண்டாவது கட்டம், மேக். ஐபோனுக்கு ஆப் எழுதுபவர்களுக்கு அதை விட்டால் வழியில்லை. அக்கா எழுதுவதோ சர்வரில் ஓடும் புரோகிராம். மேக் விலையைப் பக்கத்தில் எழுதி, அதற்குக் கீழே பாப்பாவின் எல்.கே.ஜி ஃபீஸையும் எழுதி, இரண்டையும் அடித்திருந்தாள். இப்போது வரும் மேக்புக்குகளில் பிறகு ரேம் கூட்டவும் முடியாது. வாங்கும்போதே அதிகமாகப் போட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது கட்டம், லினக்ஸ். இலவசம். பழைய மெஷினிலும் ஓடும். சர்வர்களில் பெரும்பாலும் இருப்பதும் அதுதான் என்பதால், வீட்டில் எழுதுவது அங்கேயும் அப்படியே ஓடும். ஆனால் டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. கம்பெனியின் வி.பி.என் அதில் வேலை செய்யுமா என்றும் தெரியவில்லை.

"விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டலாமே?" என்றேன், டெக் செய்தி எழுதும் தைரியத்தில். 2016 முதலே விண்டோஸில் அந்த வசதி இருக்கிறது. "எட்டு ஜி.பி ரேம்ல ரெண்டு குடித்தனமா? ஃபேன் சத்தத்துல பாப்பா எழுந்துடுவா" என்றாள் அக்கா.

எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது. 2012-ல் அக்கா பிளஸ் டூ படித்தபோது அவளுக்கும் ஒன்று கிடைத்தது. ஆன் செய்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். பாஸ், நம் நாட்டிலேயே உருவான லினக்ஸ். அதன் வேரும் இங்கேதான். சென்னை சி-டாக் நிறுவனமும், தாம்பரத்திலிருந்து இரண்டே ஸ்டேஷன் தள்ளி குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகத்தில் இருக்கும் ஏ.யு-கே.பி.சி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்திய தேசிய கட்டற்ற மென்பொருள் மையத்தின் முயற்சி அது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது.

"அதை நீ திறந்து பார்த்திருக்கியாக்கா?"

"ஒரு தடவைகூட இல்ல. யாரும் சொல்லித் தரலையே. எல்லாரும் விண்டோஸை அமுக்குனாங்க, நானும் அமுக்குனேன்."

கொஞ்ச நேரம் கழித்து நான்தான் கேட்டேன். "இதெல்லாம் இருக்கட்டும். எந்த சிஸ்டம் வேணும்னு கம்பெனியையே கேட்டுட்டா என்ன?"

அக்கா நோட்டை மூடினாள். "நாலு வருஷம் கழிச்சு ஒரு வேலை கிடைச்சிருக்கு. சேர்றதுக்கு முன்னாடியே கேள்வி கேட்டா, 'இவங்களுக்கு இதுகூடத் தெரியலையா'ன்னு நினைச்சுட மாட்டாங்களா?"

மூன்று கட்டங்களிலும் எழுதாத காரணம் அதுதான். பயத்தில், தேவையே இல்லாமல் அறுபதாயிரம் ரூபாய் கடன் வாங்கி ஒரு லேப்டாப் வாங்கக்கூட அவள் தயாராக இருந்தாள். வேலைக்கான கருவியை நம்மையே வாங்கச் சொல்லும்போது, எது வேண்டும் என்று கேட்பது நம் உரிமை இல்லையா?

மாமாவும் நானும் விடவில்லை. அன்றைக்கே நான்கு வரியில் மெயில் போட்டாள். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது: "உபுண்டு தாராளமாகப் பயன்படுத்தலாம். எங்கள் டீமில் பாதிப்பேர் அதில்தான் இருக்கிறார்கள்."

அடுத்த சனிக்கிழமை மாமா ரிச்சி ஸ்ட்ரீட் போய் ரேமும் எஸ்.எஸ்.டி-யும் வாங்கி வந்தார். புது லேப்டாப் விலைக்கு முன்னால் அது சின்னச் செலவுதான். எஸ்.எஸ்.டி-யில் உபுண்டு, பழைய ஹார்ட் டிஸ்கில் டேலிக்காக விண்டோஸ். பிரிண்டர் மட்டும் முரண்டு பிடித்து, இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டுத்தான் வழிக்கு வந்தது.

நீங்களும் இதே குழப்பத்தில் இருந்தால், முதலில் வேலை கொடுப்பவரிடம் கேளுங்கள். லினக்ஸை லேப்டாப்பில் ஏற்றாமலேயே, பென்டிரைவ் வழியாக ஓட்டிப் பார்க்கலாம். ஏற்றுவதாக முடிவு செய்தால், அதற்கு முன் ஃபோட்டோ, கணக்கு எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். விண்டோஸ் 10-லேயே இருப்பவர்கள், கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை சமாளிக்கலாம். தமிழில் படிக்க, 2012 முதல் வரும் 'கணியம்' இணைய இதழ் இருக்கிறது.

நேற்று அக்காவுக்கு போன் செய்தேன். "அந்த நோட்டை என்னக்கா பண்ணின?" என்றேன். அந்த மூன்று கட்டத்துக்குள் பாப்பா யானை வரைந்திருக்கிறாளாம்.